அவிழ்க்காமல் அறுத்த கயிறு

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போடியிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். குளிர் எப்படி, மழை எப்படி என்று விசாரிக்கிற வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்துவிடுவார்.

"ஆத்தா, வர்ற மாசம் மாப்ளைக்குக் கயிறு கட்டி வருசம் முடியுது. எப்பக் கெளம்பி வர்றீக? கயிறு அவுக்கணும்ல? கெடாவுக்குச் சொல்லி வைக்கணும்."

"பாத்துச் சொல்றேண்ணே. லீவு கெடைக்கணும்."

"வெரசாச் சொல்லு. பூசாரி கேட்டுக்கிட்டே இருக்காரு."

அவிழ்ப்பதற்கு என் மகன் கையில் கயிறே இல்லை. அதை அண்ணனிடம் சொல்ல வாய் வராமல் போனை வைத்துவிட்டேன். அன்றைய சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

நான் போடியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கிலாந்து வந்து பாதி ஆயுள் ஓடிவிட்டது. ஓர் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் வேலை. கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோது மகன் சரவணன் அப்போதுதான் கல்லூரிக்குள் நுழைந்திருந்தான். இப்போது வீடு வாங்கி விற்றுத் தரும் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். நல்ல சட்டை, நல்ல ஷூ, நல்ல இங்கிலீஷ். அவன் படத்தைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து இரண்டு பெண் வீட்டார் ஜாதகம் அனுப்பியிருக்கிறார்கள். 'ஒத்தப் பிள்ளையோட சீமையில சொகமா இருக்கா' என்று என்னைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வதும் காதுக்கு வருகிறது. இவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகன் கொக்கைனுக்கு அடிமையாகிவிட்டவன். எழுதிவிட்டேன்.

2

அவனாகத்தான் சொன்னான். ஒரு சனிக்கிழமை காலை, முகமெல்லாம் வெளிறி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தான்.

"அம்மா, அப்பாவுக்கு இப்படித்தான் இருந்துச்சா? படபடன்னு?"

நான் பதறிப் போய் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்துவிட்டுச் சொன்னான். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்தால் நாலைந்து பேராக மதுக்கடைக்குப் போவார்கள். அங்கே கழிவறையில் தொடங்கியதாம். பிறகு வெள்ளிக்கிழமை வியாழக்கிழமையாகி, வியாழக்கிழமை எல்லாக் கிழமையும் ஆகிவிட்டது.

எனக்குத் தெரிந்த போதை குடிதான். குடித்தவன் தள்ளாடுவான், நாறுவான், தெருவில் நின்று வம்பு வளர்ப்பான். இதில் எதுவுமே இல்லை. என் பிள்ளை இப்படி ஓய்ச்சல் இல்லாமல் ஓடியாடி உழைக்கிறானே என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நாட்களெல்லாம் அந்தப் பவுடர் ஓடிய ஓட்டம் என்று தெரிந்ததும் எனக்கு என் மீதே வெறுப்பு வந்தது.

இந்த ஊரில் நோயைவிட நோய்க்கு ஆளைப் பிடிப்பதுதான் பெரிய பாடு. டாக்டர் அலுவலகத்துக்கு நான்தான் போன் செய்தேன். அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. மகனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அந்தப் பெண் மிகுந்த அன்போடு விசாரித்துவிட்டு, சிகரெட்டை நிறுத்துவது எப்படி என்ற புத்தகத்தைத் தபாலில் அனுப்பிவைத்தாள். சரவணன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு அவனே போனான். காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தான். தவறான கிளைக்கு வந்துவிட்டாய் என்றார்கள், வேறு கிளைக்குப் போனான். கடைசியில் ஒரு டாக்டர் பார்த்தார். இதை நிறுத்துவதற்கென்று மாத்திரை கிடையாது, பேச்சும் பயிற்சியும்தான் என்று சொல்லிவிட்டார். மாத்திரை இல்லாத நோயும் உண்டா என்று அவனிடம் இரண்டு தடவை கேட்டேன். மாதாமாதம் மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதனை. அதற்குத் துணையாக, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் சி.பி.டி. என்கிற பயிற்சி. வாரம் ஒரு முறை ஹெலன் என்கிற பெண் திரையில் வந்து பேசுவாள். இடைப்பட்ட நாட்களில் அவன் பாடங்களைத் திறந்து படித்துப் பதில் எழுத வேண்டும். ஆசை வருவதற்குச் சற்று முன்னால் எங்கே இருந்தாய், மனசில் என்ன ஓடியது, அதற்குப் பதிலாக வேறென்ன செய்யலாம், இப்படிப் பிரித்துப் பிரித்துக் கேட்பார்கள். டீ கொண்டுபோகிற சாக்கில் நான் கதவோரம் நின்று கேட்பேன்.

பேசியே போதையைப் போக்குகிறார்களாம் என்று அடுப்படியில் நின்று முணுமுணுத்திருக்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் ஆபீஸ் முடிந்து நேராக வீட்டுக்கு வர ஆரம்பித்தான். வரும் வழியில் மதுக்கடை இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு வருகிறேன் என்றான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மறுசோறு கேட்டான். அதோடு விட்டிருக்கலாம். ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனால் அடியோடு சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

3

அண்ணனுக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம். சொந்த ஜீப்பில் காலையில் வேலையாட்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் போடியில் இறக்கிவிடுவார். ஒரு காலத்தில் மொடாக்குடி குடித்தவர். மதினி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேவாரத்தில் பிறந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். பிறகு அடிவாரத்துக் கருப்பசாமி கோவிலில் கயிறு கட்டி, அன்றோடு விட்டார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. சரவணன் விஷயத்தை அவர் ஒருவரிடம் மட்டும்தான் சொன்னேன்.

"பவுடராவது பட்டையாவது. கூட்டிட்டு வா, நான் பாத்துக்கிர்றேன்" என்றார்.

நாட்டைவிட்டு வெளியே இருக்கிற வரைக்கும் ஹெலன் திரையில் வர முடியாது, அது விதி என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். பாடங்களை மட்டும் திறந்துகொள்ளலாமாம். கடலைத் தாண்டினால் நோய் லீவு எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

அப்படியும் அவனைப் போடிக்குக் கூட்டிப் போனேன். மலையில் பிள்ளை தேறினான். அதை மறைப்பதற்கில்லை. காய் எடுக்கிற பெண்களோடு போய்க் குனிந்து குனிந்து காய் எடுத்தான். அட்டை கடித்தால் சுண்ணாம்பு வைத்துக்கொண்டான். காய் காயவைக்கிற ஸ்டோரில் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கினான். தோட்டத்தில் போனில் சிக்னல் எடுக்காது என்பதால், பாடம் படிக்க வேண்டிய நாளில் அண்ணன் திரும்பும்போது போடிமெட்டில் ஜீப்பை நிறுத்துவார். பெண்களெல்லாம் உள்ளே காத்திருக்க, இவன் பின்படியில் உட்கார்ந்து மடியில் கம்ப்யூட்டரை விரிப்பான்.

"ஏண்ணே, தம்பி என்ன சோலி பாக்குது?" என்று கேட்டாள் செல்லத்தாயி. தோட்டத்தில் வெகுகாலமாக இருப்பவள்.

"லண்டன் ஆபீசுச் சோலி. பேசாம இரு" என்றார் அண்ணன்.

"ஊருக்கு வந்த பிள்ளைய இங்கயும் விட மாட்டாகளா? அதுக்கு நம்ம பொழப்பே தேவல போலருக்கே." ஜீப்பே சிரித்தது. "கொழப்பமில்ல, மெதுவா முடிக்கட்டும். நாங்க டீ குடிச்சிட்டு வர்றோம்."

அவர்கள் இறங்கிப் போன பிறகு சரவணன், ஜீப்பில் கூட வந்திருந்த என் பக்கம் திரையைத் திருப்பினான்.

"அம்மா, இதுல ஒரு கேள்வி இருக்கு. ஒருவேளை நான் மறுபடி எடுத்துட்டேன்னா, அன்னைக்கே யார்கிட்டச் சொல்வேன்னு எழுதணும். ஒரே ஒரு பேர். உன் பேர் போடட்டா?"

எங்கள் ஊர்ப்பக்கம் வெளியே கிளம்புகிறவர்கள் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். 'வர்றேன்' என்றுதான் சொல்வார்கள். கெட்டது வாயில் வரக் கூடாது, வந்தால் பலித்துவிடும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எனக்கு அவன் கேட்டது சுருக்கென்றது.

"வாயக் கழுவு. நல்லா இருக்கையில எதுக்கு இந்தப் பேச்சு? அதெல்லாம் எழுதாத."

அண்ணன் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தார். "நடக்கவே போறதில்ல மாப்ளே, அதுக்கு எதுக்கு ஆளு? நாளைக்குக் கயிறு கட்டிட்டா எல்லாம் முடிஞ்சுச்சு. தப்பு பண்ணப் போறவன்தான் முன்னாடியே வழி பாத்து வைப்பான்."

சரவணன் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கம்ப்யூட்டரை மூடினான். வாதாடியிருந்தால் தேவலை. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல் தலையை ஆட்டினான்.

4

கோவில் தேவாரம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே, மலையடியில் இருக்கிறது. எங்களுக்கு முன்னால் ஒரு விவசாயி நின்றார். யானை இறங்கி மக்காச்சோளத்தை மிதித்துவிட்டதாம், இனி இறங்காமல் இருக்க எலுமிச்சம்பழம் மந்திரித்து வாங்கிக்கொண்டு போனார். பூசாரி வயசானவர், அதிகம் பேசாதவர். அண்ணன் அவரிடம் "குடி" என்று மட்டும் சொன்னார். கொக்கைனைப் பூசாரிக்கு எப்படி விளக்குவது?

சரவணன் கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். ஒரு வருஷம் தொட மாட்டேன், தொட்டால் சாமி கேட்கட்டும். பூசாரி வலது மணிக்கட்டில் கருப்புக் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். வருஷம் முடிந்ததும் இங்கே வந்துதான் அவிழ்க்க வேண்டும், வேறெங்கும் கழற்றக் கூடாது.

வெளியே வந்ததும் அண்ணன் தன் சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுக் காட்டினார். "இங்க பாரு மாப்ளே. வருசம் முடிஞ்சப்பவும் நான் அவுக்கல. அன்னைக்குக் கட்டுனதுதான் இது. அதுக்கப்புறம் மோந்துகூடப் பாத்ததில்ல."

சரவணன் அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். அவன் கண்ணில் அவ்வளவு நம்பிக்கை. எனக்கும்தான். அன்றைக்கு மதினி வைத்த கோழிக் குழம்பு எனக்கு நிம்மதியாக இறங்கியது.

5

திரும்பி வந்து சில மாதங்கள் நன்றாகத்தான் போயின. ஹெலன் மறுபடி திரையில் வந்தாள். கயிற்றைக் காட்டி அவளிடம் கதை சொன்னான். அவளுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் விட்டுப்போன அந்தப் பாடத்தை முடித்துவிடலாமே என்று கேட்டாள். அது எனக்குத் தேவைப்படாது என்று சிரித்துக்கொண்டே சொன்னான். கதவோரம் நின்ற எனக்குப் பெருமையாக இருந்தது.

குளிர்காலத்தில் ஆபீஸில் யாருக்கோ வழியனுப்பு விருந்து. அங்கே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எடுத்துவிட்டான். மறுநாள் காலையில் எழுந்து என்னிடம் வரவில்லை, ஹெலனுக்கும் எழுதவில்லை. குளியலறையில் கத்தரிக்கோலால் கயிற்றை அறுத்தான். சாமியிடம் சொன்னது உடைந்துவிட்டது, இனி ஒரு தடவை என்ன, பத்துத் தடவை என்ன என்று தோன்றியதாம். அன்று தொடங்கி நிறுத்தவே இல்லை, பரிசோதனைக்கும் போகவில்லை. குளிர் என்பதால் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான், எனக்கு மணிக்கட்டு தெரியவில்லை. ஹெலன் லீவில் போயிருக்கிறாள் என்று சொன்னான், நம்பினேன்.

நான் வேலையில் இருந்தபோதுதான் அது நடந்தது. நூறு பேருக்கு உருளைக்கிழங்கு வேகவைத்து மசித்துக்கொண்டிருந்தேன். சமையற்கட்டுப் போன் அடித்தது. உன் மகன் மேலே வார்டில் இருக்கிறான், இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்ததால் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள் என்றார்கள். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். மாடிப்படியில் போகும்போது அவன் அப்பாவின் முகம்தான் வந்தது.

மார்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். வெற்று மணிக்கட்டைப் பார்த்தேன். கயிறு இருந்த இடம் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. கண்ணைத் திறந்தவன் தன் உயிரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மாமாகிட்டச் சொல்லிட்டியாம்மா?"

"சொல்லல அப்பு."

"சொல்லாத."

சொல்லாமலேயே இருந்துவிட்டேன், அண்ணன் கெடாவைப் பற்றிப் பேசும்வரைக்கும்.

6

அந்த ஞாயிறு கழிந்து மறுபடி நானே கூப்பிட்டேன். அண்ணன் போடிமெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். காற்றுச் சத்தம் கேட்டது.

"அண்ணே, கெடா வேண்டாம். கயிறு இல்ல. அறுத்துட்டான்."

ஆஸ்பத்திரியில் கிடந்தது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். ஜீப்பின் கதவைச் சாத்திக்கொண்டார் போலிருக்கிறது, காற்று அடங்கியது.

"ஆத்தா, என் கையில கெடக்குற கயிறு எத்தனாவதுன்னு பூசாரிக்கு மட்டுந்தான் தெரியும்."

"என்னண்ணே சொல்ற?"

"கட்டுன கொஞ்ச நாள்லயே குடிச்சேன். விடிஞ்சதும் பயந்து போயி பூசாரி கால்ல விழுந்தேன். 'கைய நீட்டு'ன்னாரு, புதுசாக் கட்டி விட்டாரு. அப்புறமும் குடிச்சேன், அப்புறமும் போயி நின்னேன். ஒரு தடவகூட வையல. 'எந்திரிச்சு வந்துட்டேல்ல, கைய நீட்டு'ம்பாரு. அப்பிடி விட்டதுதான் ஆத்தா. ஒம் மதினிக்கே தெரியாது."

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. பிறந்ததிலிருந்து அண்ணனிடம் குரல் உயர்த்தியவள் இல்லை நான்.

"இந்த ஒத்த வார்த்தைய அன்னைக்கு அவன்கிட்டச் சொல்லிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

"தாய்மாமன் ஆத்தா நான். அவன் என் கையத் தொட்டுப் பாக்குறான். எப்பிடிச் சொல்லுவேன்?" என்றவர் அழுதார். நானும் அழுதேன். ஹெலனின் பாடத்தில் இருந்ததைத்தான் அந்தப் பூசாரி இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருந்திருக்கிறார். நாங்கள் இருவரும் அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து, நல்ல வார்த்தை பேசி, இரண்டையும் பிள்ளையிடமிருந்து மறைத்துவிட்டோம்.

7

சரவணன் இப்போது வேறு ஊரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். பழைய ஆபீஸையும் பழைய கூட்டத்தையும் விட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்று ஹெலனோடு பேசி எடுத்த முடிவு. குடோன் ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் வருவான், சில சமயம் வர மாட்டான். பாடங்களை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறான். நடுவில் ஒரு வாரம் ஹெலனின் சந்திப்பைத் தவறவிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மாமாவின் கயிற்றுக் கதையைச் சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"அப்ப மாமாவும் என்னை மாதிரிதானா?" என்றான். பிறகு, "ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

ரசத்தை ஊற்றினேன்.

கிளம்புவதற்கு முன் கம்ப்யூட்டரைத் திறந்து ஏதோ எழுதினான். எட்டிப் பார்த்தேன். மலை மேல் வெறுமையாக விட்டுவந்த அதே கட்டம். அதில் 'மாமா' என்று இருந்தது.

"என் பேர் போடலையா அப்பு?"

"நீ அழுவம்மா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அது உண்மை என்பதால் வலித்தது. போடிமெட்டில் அவனாகவே கேட்டபோது வேண்டாம் என்றவள் நான்.

நேற்று அண்ணன் கூப்பிட்டார். வழக்கத்துக்கு மாறாக, நல்லா இருக்கியா என்று முதலில் கேட்டார். அவர் அப்படிக் கேட்டதுமே அடுப்பை அணைத்தேன்.

"மாப்ளே பேசுனான் ஆத்தா. காலையில."

"என்னண்ணே சொன்னான்? மறுபடியும் எடுத்துட்டானா?"

"அத ஒன்கிட்டச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துருக்கேன்."

"அண்ணே…"

"கேக்காத ஆத்தா. சொன்னேன்னா அப்புறம் எனக்கும் சொல்ல மாட்டான்."

நான் கேட்கவில்லை. "சாப்ட்டானாமா?" என்றேன்.

"சாப்ட்டேன்னான்."

சரவணன் சும்மா நலம் விசாரிக்கக்கூடக் கூப்பிட்டிருக்கலாம். மலையில் மழை உண்டா, செல்லத்தாயி எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கலாம். அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். நாளை எனக்குக் காலை ஷிப்ட். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருக்கையில் சமையற்கட்டுப் போன் அடிக்கும். பாலோ ரொட்டியோ குறைகிறது என்றுதான் யாராவது கேட்கக் கூப்பிடுவார்கள். அதை எடுத்துக் காதில் வைக்கும்வரைக்கும் நான் மூச்சு விட மாட்டேன்.